லான்சியா ஸ்ட்ராட்டோஸ்: ஏன் இவ்வளவு குட்டை, ஏன் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை?

சிப்புட் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய கார் பட்டறை வைத்திருக்கிறேன். சாகா, கஞ்சில், மைவி போன்ற நம் மலேசியக் கார்கள், தோட்டத்து லோரிகள் ஆகியவையே பெரும்பாலும் என் கைக்கு வருபவை. இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் எதையும் நான் தொட்டதில்லை, இனித் தொடுவேன் என்ற எண்ணமும் இல்லை. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என் மகன் இந்த விடுமுறைக்கு வரும்போது லான்சியா ஸ்ட்ராட்டோஸ் என்ற காரின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வாங்கி வந்தான். உண்மைக் காரில் 24இல் ஒரு பங்கு அளவு. பட்டறையை அடைத்த பிறகு இரவில் இருவருமாக உட்கார்ந்து அதை ஒட்டி வருகிறோம். பசையைவிடக் கேள்விகளே கையில் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன.

முதலில் உறுத்தியது நீளம். மாதிரியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அளவுகோல் வைத்துப் பார்த்தேன்; 91 மில்லிமீட்டர். 24ஆல் பெருக்கினால் 2184. பெட்டியோடு வந்த தாளில் 2180 என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் பட்டறை வாசலில் நிற்கும் பழைய கஞ்சிலின் வீல்பேஸ் (இரு அச்சுகளின் இடைவெளி) 2280. அதாவது, 6 சிலிண்டர் எஞ்சினை முதுகில் சுமக்கும் ஒரு பந்தயக் கார், சந்தைக்குப் போய்வர வாங்கும் கஞ்சிலைவிட 10 சென்டிமீட்டர் குட்டையான வீல்பேஸ் கொண்டிருக்கிறது. நீளமான கார் நேராக ஓடும், குட்டையான கார் ஆட்டம் காட்டும் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. எந்தக் கணக்கில் இப்படிச் செய்தார்கள்?

இரண்டாவது, எண்ணிக்கை. மொத்தம் 492 கார்கள்தான் செய்தார்கள் என்று மகன் சொல்கிறான். நம் ஊரிலும் 'லிமிடெட் எடிஷன்' விற்கிறார்கள்: பக்கவாட்டில் ஒரு கோடு, பின்னால் ஒரு சின்னம், விலையில் சில ஆயிரம் கூடுதல். 492 என்பதும் அப்படிப்பட்ட வியாபாரத் தந்திரந்தானா?

மூன்றாவது கேள்வியால் வீட்டில் சிறு சச்சரவே நடக்கிறது. எஞ்சின் ஃபெராரியுடையது, உடலை வடித்தது பெர்த்தோனே என்னும் வேறு நிறுவனம். அப்படியென்றால் இதில் லான்சியாவின் பங்கு என்ன? பெயர்ப்பலகை மட்டுந்தான் என்பது மகனின் கட்சி. நான் இன்னும் கட்சி சேரவில்லை.

கிள்ளான் வரைபலகை எழுதியது:

நல்ல கேள்விகள், ஐயா. நான் தொழில்நுட்ப வரைபடம் கற்பிப்பவன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்கான பதில் பாதி தானாகவே வந்துவிடும்.

492 என்பது கடையில் முடிவான எண் அன்று. அதன் வேர் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 1970களில் உலக ரேலிப் போட்டிகளின் (சாலைகளிலும் மண்பாதைகளிலும் நேரம் கணக்கிட்டு ஓட்டுபவை) 4ஆம் பிரிவில் ஒரு கார் ஓட வேண்டுமானால், அதே கார் பொதுமக்கள் வாங்கி ஓட்டக்கூடிய வடிவில் 500 செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. இதை ஹோமோலகேஷன் என்பார்கள். அங்கீகாரம் என்று நாம் சொல்லலாம். அதுவரை எல்லா நிறுவனங்களும், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த குடும்பக் காரையோ சிறு கூப்பேயையோ எடுத்து, எடை குறைத்து, எஞ்சினை முறுக்கி ரேலிக்கு அனுப்பின. லான்சியாவின் ஃபுல்வியாவும் அப்படிப்பட்டதுதான். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் அந்தச் சிறிய காரில் சாண்ட்ரோ முனாரி 1972இல் மாண்டே கார்லோ ரேலியையே வென்றார். ஆனால் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. லான்சியாவின் பந்தயப் பிரிவுத் தலைவரான சேசரே ஃபியோரியோ கணக்கைத் தலைகீழாகப் போட்டார். விற்கும் காரை ரேலிக்காராக மாற்றுவதற்குப் பதிலாக, ரேலிக்கென்றே ஒரு காரைப் பிறப்பித்து, விதி கேட்கும் 500ஐ மட்டும் செய்து விற்றுவிட்டால் என்ன? உங்கள் மகன் சொன்ன 492 அந்த 500ஐ ஒட்டி வந்த எண்தான். பிறந்தது முதலே ரேலிக்கென்று வரையப்பட்ட முதல் கார் ஸ்ட்ராட்டோஸ்தான் என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான்.

ஆகவே, உங்கள் ஊர் 'லிமிடெட் எடிஷன்' அதிகம் விற்பதற்காகக் குறைவு என்று சொல்கிறது. ஸ்ட்ராட்டோஸோ குறைவாக விற்றால் போதும் என்பதற்காகவே குறைவாகச் செய்யப்பட்டது. 1974 அக்டோபர் 1ஆம் தேதி அங்கீகாரம் கிடைத்தது. அதே வாரத்தில் நடந்த சான்ரெமோ ரேலியை முனாரி அதில் வென்றார். அந்த ஆண்டும், 1975, 1976ஆம் ஆண்டுகளிலும் தயாரிப்பாளருக்கான உலக ரேலிப் பட்டம் லான்சியாவுக்குப் போயிற்று.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். 1970ஆம் ஆண்டு துரின் கார்க் கண்காட்சியில் பெர்த்தோனே நிறுவனம் ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ என்ற ஒன்றைக் காட்டியது. உயரம் வெறும் 84 சென்டிமீட்டர். நம் சாப்பாட்டு மேசையைவிடச் சற்றே உயரம். கதவே கிடையாது, முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். அதை வரைந்தவர் மார்செல்லோ காந்தினி. லம்போர்கினி மியூராவையும் கவுன்டாக்கையும் வரைந்த அதே கை. நூச்சியோ பெர்த்தோனே அதை லான்சியா அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்றபோது வாசல் தடுப்புக் கம்பத்தை உயர்த்தச் சொல்லாமல் அடியிலேயே நுழைந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அடுத்த ஆண்டு, 1971இல், ரேலிக்கான ஸ்ட்ராட்டோஸ் எச்.எஃப். முன்மாதிரி அதே கண்காட்சியில் நின்றது. ஸீரோவிலிருந்து அதற்கு வந்தவை பெயரும் ஆப்பு வடிவத்தின் துணிச்சலும் மட்டுந்தான்; மற்ற எல்லாவற்றையும் காந்தினி புதிதாக வரைந்தார். முன்னது பார்ப்பதற்கான பொருள். பின்னது சேற்றில் உழல வேண்டிய கருவி.

உங்கள் மாதிரியின் முன்கண்ணாடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்கவசத்தின் முகமூடி போல வளைந்து, பக்கவாட்டு ஜன்னல்கள் வரை ஓடும். அழகுக்காக வளைத்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்தேன். ரேலியில் கார் மூக்கு பார்த்த திசையில் போவதே அரிது; வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு குறுக்காகப் போகும்போது, ஓட்டுநர் பாதையைக் கண்ணாடியின் ஓரத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சாதாரணக் காரில் அந்த இடத்தில் தூண் நின்று கண்ணை மறைக்கும். இங்கே தூண்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். வளைவும் இங்கொன்று அங்கொன்றாக இல்லாமல், ஓர் உருளையிலிருந்து வெட்டியெடுத்ததுபோல் ஒரே சீராக இருக்கும். அதனால் ஓரத்திலும் காட்சி நெளிவதில்லை. எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால், எஞ்சினை விட்டுவிட்டு இந்தக் கண்ணாடியையே சொல்வேன்.

கதவின் உட்புறத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஜன்னலை ஏற்றியிறக்கும் பல்சக்கரமும் கைப்பிடியும் இல்லை. ஒரு திருகைத் தளர்த்தி, வளைந்த தடத்தில் கண்ணாடியைக் கீழே சரிக்க வேண்டும். அந்தப் பொறிகள் போனதால் கதவுக்குள் கிடைத்த பள்ளத்தில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் தலைக்கவசத்தை வைத்துக்கொள்ளலாம். எடையும் குறைந்தது, இடமும் கிடைத்தது.

செம்பனைக் காட்டான் எழுதியது:

தம்பி, வீல்பேஸ் பற்றி நான் சொல்கிறேன். 31 ஆண்டுகள் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். படம் போட்டு விளக்கத் தெரியாது. ரப்பர் பால் மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் காண்டா வாளியை வைத்து விளக்குகிறேன்.

தோளில் காண்டாக் கம்பு. இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளி. நிரையின் கடைசியில் திடீரென்று திரும்ப வேண்டும் என்றால் என்ன ஆகும் என்பது என் தாயாரைக் கேட்டால் தெரியும். உடம்பு திரும்பிவிடும், வாளிகள் திரும்ப மறுக்கும். திரும்பத் தொடங்கிவிட்டாலோ நிற்க மறுக்கும், பால் சிந்தும். அதே இரண்டு வாளிகளை இரு கையிலும் இடுப்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் அதே எடையோடு சட்டென்று திரும்பலாம். எடை மாறவில்லை, எடை இருக்கும் தூரந்தான் மாறியது. காரில் எஞ்சினை மூக்கிலும் பெட்ரோல் தொட்டியை வாலிலும் வைப்பது கம்பு முனையில் வாளி தொங்கவிடுவது போல. ஸ்ட்ராட்டோஸில் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பெட்டியையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். வாளி இடுப்பருகே வந்துவிட்டது. குட்டையான வீல்பேஸ் அதன் மறுபாதி. இடது வலது சக்கர இடைவெளியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் வீல்பேஸ். மேலிருந்து பார்த்தால் சதுரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சதுரம் எந்தப் பக்கமும் திரும்பும்.

ஆனால் நீங்கள் கண்டதும் தவறில்லை. நேர்ச்சாலையில் இது நிலைகொள்ளாத குணமுடைய வண்டிதான். எளிதாகத் திரும்பும் பொருள், திருப்பச் சொல்லாதபோதும் எளிதாகத் திரும்பும். ஆகவே ஓட்டுநரின் கையும் அதே வேகத்தில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போக யாரும் இதை வடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளுக்காக வடித்தார்கள்.

ஜொகூரில் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஆசிய பசிபிக் ரேலி நடந்தபோது இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஸ்ட்ராட்டோஸுக்கு வெகுகாலம் பிந்திய நான்கு சக்கர இயக்கக் கார்கள். இருந்தாலும், மழை பெய்த செம்மண் பாதையில் இரு பக்கமும் மரம் நெருங்கி நிற்க, தொண்ணூறு பாகை மூலைகளில் அவை திரும்பிய விதத்தைப் பார்த்த பிறகு, நீளம் ஏன் பகை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துப் பாதைகள் எல்லாம் பிளாக் கணக்கில் வெட்டப்பட்டவை அல்லவா? மூலைக்கு மூலை சதுரம்.

பட்டறைக்காரராகிய உங்களுக்கு நான் காட்ட விரும்புவது இன்னொன்று. மாதிரியில் முன்மூடி முழுவதும் ஒரே துண்டாக மூக்கில் கீல் வைத்துத் திறக்கும். பின்மூடி முழுவதும் வாலில் கீல் வைத்துத் திறக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் நடுவில் எஃகாலான ஒரு கூடு, அதில் இரண்டு இருக்கை. முன்னாலும் பின்னாலும் எலும்புக்கூடு போல எல்லாம் வெளியே நிற்கும். மூடிகள் ஃபைபர் கிளாஸ். சாலையோரத்தில் நின்று, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டிய மெக்கானிக்குகளை நினைத்து வரைந்த கார் இது. அழகுக்குப் பேர்போன வடிவமைப்பாளர் ஒருவர், மெக்கானிக்கின் முதுகுவலியை இவ்வளவு நினைத்தது எனக்கு வியப்பு. இன்று வரும் புதிய கார்களில் ஒரு விளக்கு பல்பை மாற்ற பம்பரையே கழற்றச் சொல்கிறார்கள். அதை இங்கே பேசத் தொடங்கினால் விடிந்துவிடும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் மதிப்புடன் ஒரு மறுப்பு. இந்தக் காரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வெற்றியிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு கோடும் முன்கூட்டியே திட்டமிட்டதுபோல் தெரிகிறது. அப்படி நடக்கவில்லை.

1972 நவம்பரில் கோர்சிகாத் தீவு ரேலியில் முதன்முறையாக இறங்கியபோது பின்பக்க சஸ்பென்ஷன் தாங்காமல் முனாரி பாதியில் விலகினார். தொடக்கத்தில் பின்சக்கரங்களுக்குப் பந்தயக் கார் பாணியில் மேலும் கீழும் விஷ்போன் என்னும் தாங்குகைகள் கொடுத்திருந்தார்கள்; பிறகு அதைக் கைவிட்டு, நீண்ட அசைவுக்கு இடங்கொடுக்கும், அடி தாங்கும் மெக்பர்சன் ஸ்ட்ரட் என்னும் எளிய அமைப்புக்கு மாறினார்கள். மியூராவின் அடிச்சட்டத்தைச் செய்த ஜம்பாவ்லோ டல்லாராவும், ஃபெராரியில் ஓட்டுநராகவும் பொறியாளராகவும் இருந்த ஆங்கிலேயர் மைக் பார்க்ஸும் இந்தக் காரைப் பக்குவப்படுத்துவதில் உழைத்தார்கள். ஆகவே இது ஒரே மேசையில் ஒரே இரவில் பிறந்த மேதைமை அன்று. 1971இல் காட்டிய முன்மாதிரிக்கும் 1974இல் அங்கீகாரம் பெற்ற காருக்கும் இடையே மூன்று ஆண்டு அடியும் உதையும் இருக்கின்றன. 1973இல் ஸ்பெயினில் முதல் வெற்றி கிடைத்ததும் முன்மாதிரிகளுக்கு இடமளித்த போட்டியில்தான்.

அடுத்தது, கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி. குண்டும் குழியும் சேறும் நிறைந்த அந்த ஓட்டத்தை ஸ்ட்ராட்டோஸ் ஒருபோதும் வெல்லவில்லை. 1975இல் முனாரி இரண்டாவது, பியோர்ன் வால்டெகோர்ட் மூன்றாவது. முதலில் வந்தது எது தெரியுமா? பெஜோ 504. முன்னால் எஞ்சின், நான்கு கதவு, குடும்பம் ஏறும் நெடிய சலூன். செம்பனைக் காட்டான் ஐயா சொன்ன சதுரம் கொண்டை ஊசி வளைவுக்கு உகந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குழிகளைத் தாண்டுவதற்கு நீளமும் மென்மையும் உகந்தவை. ஒரு கார் எதற்காகச் சிறந்தது என்பதைச் சொல்லாமல் சிறந்தது என்று மட்டும் சொல்வது அரைகுறைப் பேச்சு.

சாலையில் ஓட விற்கப்பட்ட கார்களின் கதையையும் யாரும் சொல்வதில்லை. விதிக்காகச் செய்ததால் விலைக்கு வாங்குபவரைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. உள்ளே வெப்பம், இரைச்சல், சாமான் வைக்க இடமின்மை. பல கார்கள் விற்பனையாளர்களிடம் நெடுநாள் தேங்கிக் கிடந்தன. இன்று ஏலத்தில் விலை போவதைப் பார்த்து, அன்றே வரிசையில் நின்று வாங்கினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

சிப்புட் பட்டறை எழுதியது:

மூவருக்கும் நன்றி. காண்டா வாளி விளக்கத்தை மகனிடம் படித்துக் காட்டினேன். அவனுடைய பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று மூன்று பக்கம் இருப்பது இதுதானாம். அவன் காண்டா வாளியைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால், நான் இரண்டு எண்ணெய் டின்களைக் குழாயில் கட்டித் தோளில் வைத்துத் திரும்பச் சொன்னேன். மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை போயிற்று. பாடம் மனத்தில் நின்றது.

குறுக்குக்கேள்வி சொன்ன மெக்பர்சன் மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் முதல் சாகாவின் முன்பக்கத்தில் இருப்பதும் அதே வகைதான். ஒரு மேல்கையும் அதன் இரண்டு புஷ்களும் குறைகின்றன. ஸ்ட்ரட் நீளமாக இருப்பதால் சக்கரம் மேலும் கீழும் தாராளமாக அசைய முடிகிறது. பந்தயக் காரில் எளிய பாகத்தைப் போட்டால் தரக்குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

ஆனால் மெக்கானிக்கின் முதுகுவலியை நினைத்து வரைந்த கார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம். எஞ்சின் குறுக்காக, இருக்கைக்கு முதுகை ஒட்டி நிற்கிறது. வி6 என்றால் மூன்று சிலிண்டர் பின்மூடிப் பக்கம், மூன்று சிலிண்டர் தடுப்புச் சுவர்ப் பக்கம். பின்மூடிப் பக்கத்து மூன்று பிளக்குகளை மகிழ்ச்சியாகக் கழற்றலாம். சுவர்ப் பக்கத்து மூன்றைக் கழற்றும் கையை இத்தாலியில் எங்கே செய்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானும் ஒன்று வாங்குகிறேன்.

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. வீட்டில் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

கிள்ளான் வரைபலகை எழுதியது:

அந்தச் சுவர்ப் பக்கத்து மூன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. குறுக்கு வி6 வைத்த எல்லாக் கார்களின் சாபம் அது. மூன்றாவது கேள்விக்குச் சொல்கிறேன். உங்கள் மகன் நினைப்பதைவிட இது வளைந்து நெளிந்த கதை.

ஸ்ட்ராட்டோஸில் இருப்பது டீனோ வி6. 2418 கன சென்டிமீட்டர், மூன்று இரட்டைத்துளை வெபர் கார்புரேட்டர், சாலைக் காரில் 190 குதிரைத்திறன். கார் 980 கிலோதான். 1956இல் 24 வயதில் இறந்த என்சோ ஃபெராரியின் மகன் டீனோவின் பெயரைத் தாங்கியது. சாதாரணமாக வி6 எஞ்சினின் இரு கைகளுக்கும் இடையே 60 பாகை விடுவார்கள். இதில் 65 பாகை. கூடுதலான அந்த 5 பாகை, நடுப்பள்ளத்தில் காற்று நேராக இறங்கும் குழாய்களுக்கு இடம் தருவதற்காக. இடம் கிடைத்தது, ஆனால் வெடிப்புகளின் சீரான தாளம் கெடும். அதைச் சரிசெய்ய கிராங்க் தண்டின் ஊசிகளை இணைக்கு இணை 55 பாகை விலக்கி வைத்தார்கள். 65உம் 55உம் சேர்ந்தால் 120. ஆறு சிலிண்டரும் 120 பாகைக்கு ஒன்றாகச் சீராக வெடிக்கும். ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் வைத்த இந்தக் கணக்கை மகனிடம் காட்டுங்கள். தேர்வில் வராவிட்டாலும் காட்டுங்கள்.

இந்த 65 பாகை வி6ஐ 1950களின் நடுவில் ஃபெராரிக்காக உருவாக்கியதில் பெரும்பங்கு விட்டோரியோ யானோவுடையது. யானோ அங்கே எங்கிருந்து வந்தார்? லான்சியாவிலிருந்து. அங்கே அவர் டி50 என்னும் கிராண்ட் பிரீ பந்தயக் காரை வடித்தார். 1955 மே மாதம் லான்சியாவின் ஓட்டுநர் ஆல்பெர்த்தோ அஸ்காரி மோன்ட்ஸாவில் இறந்தார். நிறுவனமோ பணமுடையில் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் டி50 கார்களை அப்படியே ஃபெராரியிடம் ஒப்படைத்தார்கள். யானோவும் கூடவே போனார். 1956இல் ஃபாஞ்சியோ என்ற ஓட்டுநர் உலகப் பட்டம் வென்றது அந்த லான்சியா வழிவந்த காரில்தான். அதற்கும் முன்னால், 1950இல், வி6 எஞ்சினை வரிசை உற்பத்திக் காரில் முதலில் வைத்து விற்றதும் லான்சியாதான். அவுரேலியா என்ற அந்தக் காரின் எஞ்சினை வடித்தவர் பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ. ஆகவே ஸ்ட்ராட்டோஸுக்கு ஃபெராரி வி6 வந்தது, பெண் கொடுத்த வீட்டிலிருந்து பேத்தி திரும்பி வந்ததுபோல.

அந்த எஞ்சினும் ஒரு 500ஆல் பிறந்ததுதான் என்பது இன்னும் சுவை. 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா 2 பந்தய விதி, எஞ்சின் குறைந்தது 500 சாலைக் கார்களில் இருக்க வேண்டும் என்றது. அன்றைய ஃபெராரியால் தனியாக அத்தனை செய்ய முடியாது. எனவே ஃபியட்டோடு கூட்டுச் சேர்ந்தார்கள். எஞ்சினை உற்பத்திக்கு ஏற்றபடி மாற்றிச் செய்தது ஃபியட், 2.4 லிட்டர் வடிவத்துக்கு வார்ப்பிரும்புப் பிளாக் கொடுத்ததும் அவர்கள்தான். 1969இல் ஃபியட் லான்சியாவை வாங்கியது, அதே ஆண்டு ஃபெராரியில் பாதியையும் வாங்கியது. ஒரே கூரையின் கீழ் வந்துவிட்ட போதிலும், அதே எஞ்சின் கொண்ட தன் டீனோ 246 காருக்குப் போட்டியாகிவிடும் என்று என்சோ ஃபெராரி எஞ்சினைக் கொடுக்க இழுத்தடித்தார். டீனோ உற்பத்தி முடிந்த பிறகே கைகள் தாராளமாயின.

அதனால் தீர்ப்பு: எஞ்சினை ஃபெராரியுடையது என்று சொல்வதே பாதி உண்மை. லான்சியாவின் பங்கு என்ன என்றால், இந்தக் காரை வேண்டும் என்று கேட்டது, எது வேண்டாம் என்று தள்ளியது, மூன்று ஆண்டு உடைத்துப் பார்த்துத் திருத்தியது. சட்டை தைப்பவனிடம் அளவு சொல்வதும் ஒரு வேலைதானே.

குறுக்குக்கேள்வி எழுதியது:

இந்த விளக்கத்தை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: இந்தக் காரை நிறுத்தியதும் போட்டியாளர் அல்லர். 1977 முதல் ஃபியட் தன் பணத்தை 131 அபார்த் என்ற தன் சொந்த ரேலிக்காரின் பக்கம் திருப்பியது, ஏனென்றால் கடையில் விற்க வேண்டியிருந்தது 131தான். அதன் பிறகும் தனியார் அணிகள் விடவில்லை. பெர்னார் டார்னிஷ் 1979இல் மாண்டே கார்லோவையும், 1981இல் கோர்சிகாவையும் ஸ்ட்ராட்டோஸில் வென்றார். முதல் ஓட்டத்தில் சஸ்பென்ஷன் உடைந்த அதே தீவில்தான் அதன் கடைசி உலக ரேலி வெற்றியும்.

சிப்புட் பட்டறை எழுதியது:

தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். மகன் மேல்முறையீடு செய்யவில்லை. 'சட்டைக்கு அளவு சொல்வதும் வேலை' என்ற வரியை மட்டும், பட்டறையில் நான் வேலை வாங்கும்போது என்னிடமே திருப்பிச் சொல்கிறான்.

உடல் ஒட்டி முடிந்தது. அலிட்டாலியா விமான நிறுவனத்தின் பச்சை, சிவப்பு, வெள்ளை நிறங்களில் செய்வதாக முடிவு. பனிமலைச் சாலைகளில் ஓடும் மாண்டே கார்லோவில் வென்ற காராகப் பளபளவென்று செய்யலாம் என்றேன். அவனுக்கோ சஃபாரியில் இரண்டாவதாக வந்த கார் வேண்டுமாம், அதுவும் சேற்றோடு. தோற்ற காரை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, நம் ஊரில் பனி எங்கே இருக்கிறது, செம்மண்தானே இருக்கிறது என்கிறான். சேற்றை எப்படி ஒட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

செம்பனைக் காட்டான் எழுதியது:

பையன் சொல்வது சரி. தோட்டத்துப் பாதையிலிருந்து மண் எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தேநீர் வடிகட்டியில் ஒரு முறை, பழைய சட்டைத் துணியில் ஒரு முறை சலியுங்கள். சலிக்காத மண் 24இல் ஒரு பங்கில் பாறாங்கல்லாகத் தெரியும். பளபளப்பில்லாத வார்னிஷில் குழைத்து, பழைய பல்துலக்கியில் தொட்டு, விரலால் தெறிக்க விடுங்கள். சக்கர வளைவின் பின்பாதியிலும் கதவின் அடியிலும் அதிகம், மூக்கில் குறைவு. மண்ணைப் பூசுவதற்கு முன் மூடிகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கீலில் மண் புகுந்துவிட்டால் பிறகு திறக்காது.